அம்மா ஊட்டினால் இறங்காது

அத்தியாயம் 17

போன வாரம் கிளினிக் வாசலில் வைத்து நாத்தனார் சொன்ன வார்த்தை கத்திரியின் காதிலேயே தங்கிவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தால் கேட்டது. பல் தேய்க்கும்போது கேட்டது. கட்டிங் மெஷின் போடுகிற இரைச்சலுக்கு நடுவிலும் கேட்டது.

"அப்பன் ஊட்டினா இறங்குது. அத்தை ஊட்டினா இறங்குது. அம்மா ஊட்டினா மட்டும் இறங்கல. யாரு கூடவே இருக்காங்க, யாரு வந்துட்டு வந்துட்டுப் போறாங்கன்னு புள்ளைக்குத் தெரியாதா?"

கத்திரி என்பது அவளுக்கு ஃபேக்டரியில் வைத்த பெயர். சட்டைக்குத் துணி வெட்டுகிற டேபிளில் நிற்பதால் பாதி, வாய்க்குப் பயந்து மீதி. ஆனால் ஃபேக்டரியில் அத்தனை பேரையும் நறுக்கித் தள்ளுகிற அந்த வாய், அன்றைக்குக் கிளினிக் வாசலில் ஒரு பதிலும் இல்லாமல் நின்றது. ஏனென்றால் நாத்தனார் சொன்னது உண்மை.

அவள் மகளுக்கு இன்னும் நான்கு வயது முடியவில்லை. ஒல்லிக்குச்சி உடம்பைப் பார்த்து அப்பாவே வைத்த செல்லப்பெயர் குண்டூசி. சாப்பாட்டு விஷயத்தில் குண்டூசி ஒரு தனிக் கட்சி. பால், ஓரம் நறுக்கிய ரொட்டி, முட்டையின் வெள்ளை, பால் விட்டு மசித்த உருளைக்கிழங்கு. இவ்வளவுதான் அவளுக்கு உலகம். தட்டில் ஒரு கேரட் துண்டு எட்டிப் பார்த்தால் போதும், இறங்கிப் போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வாள்.

கத்திரி செய்யாத முயற்சியில்லை. கெஞ்சியிருக்கிறாள், கதை சொல்லியிருக்கிறாள், பட்டாணியால் பொம்மை முகம் செய்து வைத்திருக்கிறாள், அதட்டியிருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், வெள்ளையோ கிள்ளையோ, வயிறு நிறைந்தால் சரி என்று ராத்திரிக்குக் கிழங்கு மசியல் என்றே முடிவு செய்தாள். இப்போது கொஞ்ச நாளாக அந்த மசியலும் அவள் கையிலிருந்து இறங்கவில்லை.

கிளினிக்கில் எடை பார்த்தார்கள். முள் கொஞ்சம் மேலே நகர்ந்திருந்தது. காய்கறி ஏதாவது சாப்பிடுகிறாளா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "கொஞ்சம் கொஞ்சமா பழக்கறேன் டாக்டர்" என்று அவள் புருஷன் பவ்யமாகச் சொன்னான். "இந்த வீட்டுல மெடல் உங்களுக்குத்தான்" என்றார் டாக்டரம்மா. அவன் தலையைக் குனிந்து சிரித்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் வந்து அதைச் சொன்னான். அக்கா அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, இவள் பக்கம் திரும்பித்தான் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

அந்த மெடல் விவகாரம் இன்றைக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

முந்தின நாள் ராத்திரியிலிருந்தே ஆரம்பிக்கலாம். வழக்கம்போல மசியலோடு உட்கார்ந்தாள். குண்டூசி வாயைப் பூட்டிக்கொண்டாள்.

"ஒரே ஒரு வாய்டி செல்லம்."

"இது வேணாம். அப்பா மசியல்."

"இதுவும் அதேதான். அதே கிழங்கு, அதே பால்."

"இல்ல. அப்பா மசியல்."

கெஞ்சிக் கெஞ்சி ஒரு ஸ்பூன் உள்ளே போனது. போன வேகத்தில் அவள் புடவை மேலேயே திரும்பி வந்தது. கத்திரிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் வீசினாள். வீசின சத்தத்தில் குழந்தை வீறிட்டது. நாத்தனார் ஓடி வந்து தூக்கிக்கொண்டாள். புருஷன் ஒரு ரொட்டியை எடுத்து ஓரம் நறுக்க ஆரம்பித்தான்.

நான்கு வயதுகூட ஆகாத குழந்தை மேல் கோபப்பட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம். அந்தக் கோபத்தோடு படுத்து, அதே கோபத்தோடு எழுந்து, முதல் ஷிப்டுக்குப் போனாள்.

*

கட்டிங் செக்‌ஷனில் அன்றைக்கு வெள்ளைத் துணி. அடுக்கடுக்காக விரித்து, மேலே பேட்டர்ன் பேப்பரை வைத்துவிட்டார்கள். மெஷினை இறக்க வேண்டியதுதான் பாக்கி.

"நிறுத்து" என்றாள் கத்திரி.

அடுக்கின் ஓரத்தை விரலால் புரட்டினாள். பாதி அடுக்குக்கு மேல் வெள்ளையில் ஒரு மஞ்சள் சாயல். மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே வெள்ளை.

"இது வேற ரோல். ரெண்டையும் சேர்த்து வெட்டினா முன்பக்கம் ஒரு கலர், கை ஒரு கலர்னு சட்டை நிக்கும். பிரிச்சு விரிங்க."

விரித்தவர்கள் முனகினார்கள். டியூப் லைட்டுக்கு அடியில் கொண்டுபோய்ப் பார்த்ததும் முனகல் நின்றது.

பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் அவளைக் கண்ணாடி ரூமுக்குக் கூப்பிட்டார். "இந்தக் கண்ணுக்காகத்தான்மா உன்னைக் கேக்கறேன். கட்டிங் இன்சார்ஜ். இன்னிக்கு மதியத்துக்குள்ள மேல பேர் அனுப்பணும். என்ன முடிவு பண்ண?"

இந்த வார்த்தைக்காக அவள் எத்தனை வருஷமாக கால் கடுக்க நின்றிருக்கிறாள் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். உதவியாளாக நூல் பொறுக்கிய நாளிலிருந்து அந்தக் கண்ணாடி ரூமைப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஆனால் இன்சார்ஜ் என்றால் அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். வீடு போய்ச் சேரும்போது குண்டூசி தூங்கியிருப்பாள்.

"வேண்டாம் சார்."

"ஏன்மா?"

"புள்ள சாப்பிட மாட்டேங்குது."

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தப் புள்ளதான் ஒழுங்கா சாப்பிடுது? இதுக்கெல்லாமா வேண்டாங்கற?"

"எல்லார் கையாலயும் சாப்பிடுது சார். என் கையால மட்டும் சாப்பிடல. இருக்கற கொஞ்ச நேரத்துலயே இப்படின்னா, அதுவும் இல்லேன்னா நான் யாருன்னே அதுக்குத் தெரியாமப் போயிடும்."

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா? நீ இல்லேன்னா உன்கிட்ட வேலை கத்துக்கிட்டவன் பேர்தான் போகும். அப்புறம் அவனுக்குக் கீழ நிக்கணும்."

"தெரியும் சார். மதியத்துக்கு மேல லீவு வேணும்."

அவள் வெளியே வந்தபோது அந்த வேலை கற்றுக்கொண்டவன் பல்லைக் காட்டி வணக்கம் வைத்தான். சேதி அதற்குள் கசிந்துவிட்டது. நெட்டித் தள்ளிவிடலாம் போல இருந்தது அவளுக்கு.

*

வீட்டில் நாத்தனார் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்து இங்கேயே தங்கிவிட்டவள். உழைப்புக்கு அஞ்சாதவள், நாக்குக்கு மட்டும் கடிவாளம் கிடையாது. கத்திரியை அந்த நேரத்தில் பார்த்ததும் கையிலிருந்த கிளிப் கீழே விழுந்தது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"இல்ல அண்ணி. பெரிய வேலை வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"நிஜமாவா?" நாத்தனார் முகத்தில் வெளிச்சம் போட்ட மாதிரி இருந்தது. "இப்பத்தான் நீ ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்க."

"குண்டூசி சாப்பிட்டாளா?"

"இனிமேதான். தம்பி பண்ணி வச்சுட்டுப் போயிருக்கான். சுட வைக்கணும்."

"நான் ஊட்டறேன்."

"வேண்டாம்மா. நேத்து ராத்திரி பட்டது போதாதா? இந்த ஒரு வேளையாவது நிம்மதியா சாப்பிடட்டும்."

கத்திரி ஃப்ரிட்ஜைத் திறந்து டப்பாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள்.

உள்ளே இருந்தது பச்சை.

லேசான பச்சைகூட இல்லை. இலையைக் கசக்கினால் விரலில் ஒட்டுமே, அந்தப் பச்சை. டப்பாவை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். துணி ரோலைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மூக்கில் வைத்தாள். கீரை, கொஞ்சம் பட்டாணி, வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. கிழங்கும் இருந்தது, பேருக்கு.

"அண்ணி, இது யாருக்கு?"

"யாருக்குன்னா? புள்ளைக்குத்தான்."

"பச்சையா இருக்கு."

"கீரை போட்டா பச்சையாத்தான் இருக்கும். சிவப்பாவா இருக்கும்?"

"இவ கீரை சாப்பிடறாளா?"

நாத்தனார் ஈரத் துணியோடு உள்ளே வந்து இவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என்னம்மா கேள்வி இது? தெனமும் காலையிலயும் மதியத்துலயும் இதானே சாப்பிடறா. முதல்ல வெள்ளையாத்தான் இருந்துச்சு. எப்போ இப்படிப் பச்சையாச்சுன்னு எனக்கே தெரியல. நீதான் ராத்திரிக்கு வெறும் கிழங்கை மசிக்கற. வேலைக்குப் போயிட்டு வர்றவளுக்குக் கீரை அரைக்கச் சோம்பல் போலன்னு நினைச்சுக்குவேன். சொன்னா நீ கோச்சுக்குவியோன்னு சொல்லல."

கத்திரி சுட வைத்தாள். குண்டூசியைச் சமையல் மேடை மேல் தூக்கி உட்கார வைத்தாள். ஸ்பூனை நீட்டினாள்.

குண்டூசி கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

ஒரு வாய். இரண்டாவது வாய். மூன்றாவதற்கு ஸ்பூன் வருவதற்குள் கிண்ணத்தை இழுத்தாள். கடைசியில் கத்திரி விரலால் வழித்து ஊட்டியதையும் விரலோடு சப்பி இறக்கினாள். "இன்னும்" என்றாள்.

கத்திரி அந்தச் சின்னத் தலையைப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். எத்தனையோ நாளாகக் காத்திருந்த சந்தோஷம். வந்தது, ஆனால் நிற்கவில்லை. அதன் பின்னாலேயே வேறொன்று வந்து அதைப் பிடித்துத் தள்ளிவிட்டது. தன் கையில் ஒரு குறையும் இல்லை, கிண்ணத்தில்தான் இருந்தது. அது அவளுக்கு இன்றைக்குத் தெரிகிறது. டப்பாவை நிரப்பியவனுக்கு எப்போது தெரியும்?

"பாத்தியா" என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்தபடி. "வேலை வேண்டாம்னு சொல்லிட்டு வந்த, புள்ள உன் கையால வாங்கிடுச்சு. நான் சொன்னப்ப என்னைப் பொல்லாதவளாப் பாத்த. இனிமே பாரு, புள்ள எப்படித் தேறுதுன்னு. அப்படியே அந்த வேலைக்கும் ஒரு முழுக்குப் போட்டுடு."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல அண்ணி."

"எல்லாத்துக்கும் சம்பந்தம் இருக்கு" என்றபடி நாத்தனார் போனைத் தேடினாள். இந்த நல்ல சேதியைச் சொல்ல அவளுக்குச் சொந்தக்காரர்கள் நிறைய பேர் இருந்தார்கள்.

கத்திரி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

*

பெயிண்ட் கடையில் கலர் கலக்குவதுதான் அவள் புருஷனின் உத்தியோகம். வெள்ளை டப்பாவில் மெஷின் சொட்டுச் சொட்டாகக் கலரை இறக்கும். அதற்கு மேல் அவன் கண்தான் தீர்ப்பு. அட்டையில் ஒரு பொட்டு வைத்து, முடி உலர்த்துகிற மெஷினைக் காட்டிக் காயவைத்து, கேட்ட கலரோடு சேர்த்துப் பார்ப்பான். வீட்டுச் சுவரில் ஒரு மூலை உதிர்ந்தால், மீதிச் சுவரோடு வித்தியாசம் தெரியாமல் கலந்து கொடுப்பான். ஊரில் பாதிப் பேர் அவனைத்தான் தேடி வருவார்கள்.

அவள் நுழைந்தபோது பொட்டு காய்ந்துகொண்டிருந்தது. சுவர் அடிக்கிற ஆள் ஒருவர் டப்பாவுக்காகக் காத்திருந்தார்.

"என்ன இந்த நேரத்துல?" என்றான் அவன்.

"எவ்வளவு நாளா நடக்குது?"

"எது?"

"பச்சை."

அவன் கை அப்படியே நின்றது. மெஷின் மட்டும் உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் அவன் முகம் போன போக்கு போதும், அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"பின்னாடி வா, சொல்றேன்."

"இங்கயே சொல்லுங்க."

சுவர் அடிக்கிறவர் தூரிகைகள் தொங்கும் பக்கம் போய் அவற்றை அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"தப்பா ஒண்ணும் பண்ணல" என்றான் அவன், குரலை இறக்கி. "நீ எவ்வளவு கஷ்டப்பட்ட, எனக்கு மனசு கேக்கல. கடையில பண்றதையே பண்ணிப் பாத்தேன். முதல் நாள் மசியல்ல ஒரு சொட்டுக் கீரைத் தண்ணி. கண்ணுக்கே தெரியாது. நாலஞ்சு நாள் கழிச்சு இன்னும் ஒரு சொட்டு. பக்கத்துல பழைய கலர் இல்லேன்னா, மாறறது யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியல. இப்போ முழுக் கீரையே சாப்பிடறா. நல்லதுதானே?"

"பக்கத்துல பழைய கலர் இல்லேன்னா."

"ஆமா."

"ராத்திரி ராத்திரி பழைய கலரை நான்தானே கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்?"

அவன் கையிலிருந்த அட்டையைக் கவுண்டரில் வைத்தான்.

"பாதி வீட்டுக்கு ஒரு டப்பா, மீதி வீட்டுக்கு வேற டப்பான்னு குடுத்து அனுப்புவீங்களா? இதோ நிக்கறாரே, இவருக்குக் குடுப்பீங்களா? உங்க மூஞ்சியில வீசிட்டுப் போக மாட்டாரு? வீட்டுல மட்டும் எப்படிங்க மனசு வந்துச்சு?"

தூரிகை பார்த்துக்கொண்டிருந்தவர் ஒன்றைக் கீழே போட்டுவிட்டு எடுத்தார்.

"முதல்ல உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றான். "உனக்கு எதையும் மறைக்க வராது. ஸ்பூனை நீட்டும்போதே, சாப்பிடுவாளா மாட்டாளான்னு உன் முகத்துல எழுதி ஒட்டியிருக்கும். அவ அதைப் பாத்துதான் வாயை மூடறா. சொன்னா கெட்டுடும்னு நினைச்சேன்."

அதில் உண்மை இருந்தது. அதனாலேயே இன்னும் எரிந்தது.

"சரி. அது முதல்ல. அப்புறம்? நான் குடுத்ததை அவ துப்ப ஆரம்பிச்சாளே, அப்போ உங்களுக்குப் புரியலையா, வெள்ளையா இருக்கறதாலதான் துப்பறான்னு?"

"புரிஞ்சுது" என்றான்.

"புரிஞ்சும்?"

"இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு…"

"புரிஞ்சும் ஏன் சொல்லலைன்னு கேக்கறேன்."

அவன் டப்பாவின் மூடியைத் திறந்தான், மூடினான். "நல்லா இருந்துச்சு" என்றான்.

"என்னது?"

"அக்கா பாராட்டினது. டாக்டர் சொன்னது. வீட்டுல எல்லாத்துக்கும் உன்னைத்தான் கேப்பாங்க, உனக்குத்தான் எல்லாம் தெரியும். முதல் தடவையா ஒரு விஷயத்துல எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அது கொஞ்ச நாள் இருக்கட்டும்னு தோணிடுச்சு."

கத்திரிக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் வரிசையாக வந்து நின்றன. நீ தூங்கு, வாரம் பூரா நின்னுக்கிட்டே இருக்க, நான் பாத்துக்கறேன் என்று போர்வையை இழுத்து விட்டுப் போவானே. இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அந்தப் போர்வைக்குள் கிடந்து உருகியிருக்கிறாள். கீரை கலக்குகிற நேரத்தில் அவள் சமையலறைப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று போர்த்தியிருக்கிறான், பாவி.

"ஞாயித்துக்கிழமை தூங்கச் சொன்னதும் இதுக்குத்தானா?"

"அது… நீ களைச்சுப் போயிருந்த, அதுவும் உண்மைதான்."

"உன் அக்கா என்னைக் கிளினிக் வாசல்ல வச்சு, வந்துட்டுப் போறவன்னு சொன்னாங்க. நீ பக்கத்துலதான் நின்ன."

கல்யாணமான நாளிலிருந்து அவனை நீங்கள் என்று சொல்லியே பழகியவள். அது எப்போது உதிர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது.

"இன்னிக்குக் காலையில இன்சார்ஜ் வேலைய வேண்டாம்னு சொல்லிட்டேன். என் கை சரியில்லைன்னு நம்பிச் சொல்லிட்டேன். அந்தப் பொறுக்கி என்னைப் பாத்துப் பல்லைக் காட்டறான்."

இது அவனுக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. கவுண்டரைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம்னு சொல்லப்போறதா நீ என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா? அப்பவாவது வாயைத் திறந்திருப்பியா?"

அவன் ஊதிக்கொண்டிருந்த மெஷினை அணைத்தான்.

"சாயங்காலம் வந்து அக்காகிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றான் கடைசியில். "சத்தியமா."

*

சாயங்காலம் வந்தான். கையில் ஒரு கட்டுக் கீரை, முகத்தில் ஒரு மன்னிப்பு. கீரை மட்டும் மேடைக்குப் போய்ச் சேர்ந்தது.

அரைத்தான், மசித்தான், கிண்ணத்தில் போட்டான். கத்திரி சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்வான், இதோ சொல்லப்போகிறான் என்று காத்திருந்தாள்.

அக்காதான் முந்திக்கொண்டாள். "சேதி தெரியுமாடா? உன் பொண்டாட்டி ஒருவழியா மனசு மாறிட்டா. பெரிய வேலையை வேண்டாம்னுட்டா. சொன்ன அன்னிக்கே புள்ள அவ கையால மொத்த டப்பாவையும் காலி பண்ணிடுச்சு. சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன். இனிமே எல்லா வேலையையும் விட்டுட்டு வீட்டோட இருந்துட்டா, ஆறு மாசத்துல புள்ள கொழுகொழுன்னு ஆயிடும். என்ன நான் சொல்றது?"

அவன் கிண்ணத்தைக் கலக்கினான். ஏற்கெனவே நன்றாகக் கலந்திருந்தது.

"சரிக்கா" என்றான். "முதல்ல இவ சாப்பிடட்டும்."

சரிக்கா. இதுதான் அவனுடைய சத்தியம். கத்திரிக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது சட்டென்று நிதானமாகிவிட்டது. கோபம் குறைந்துவிட்டதென்று நினைத்துவிடாதீர்கள். கட்டிங் மெஷினில் கை வைக்கும்போது வருமே, அந்த நிதானம்.

போனை எடுத்தாள். மேனேஜர் நம்பரைப் போட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரை அமுக்கிச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்தாள்.

"சார், காலையில சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். அந்த வேலை எனக்கு வேணும்."

"என்னம்மா நீ" என்றார் மேனேஜர். பின்னால் மெஷின் இரைச்சல் கேட்டது. "பேர் மேல போயிடுச்சே. அவன் நாளைக்குக் கண்ணாடி ரூமுக்கு வரப்போறான்."

"இன்னும் வரலையே சார்."

"காலையில ஒண்ணு சொல்ற, சாயங்காலம் ஒண்ணு சொல்ற. இப்பவே கூப்பிட்டுப் பேசினா ஒருவேளை நடக்கும். ஆனா காரணம் கேப்பாங்க. நான் என்னத்தைச் சொல்றது?"

"என்னம்மா இது அக்கிரமம்" என்று எழுந்தாள் நாத்தனார். "இப்பத்தானே புள்ள உன் கையால சாப்பிட ஆரம்பிச்சிருக்கு?"

கத்திரி அவள் பக்கம் திரும்பவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"காரணம் எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும் சார். அவரே சொல்லுவார். லைன்லயே இருங்க."

கிண்ணத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். குண்டூசியை மடியில் இருத்தினாள். போனை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் அக்காவைப் பார்த்தான். போனைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். "வணக்கம் சார். அது வந்து… அவளுக்குக் காலையில வீட்டு டென்ஷன். கொஞ்சம் குழம்பிப் போய்…"

"யாரு குழம்பினது?" என்றாள் கத்திரி.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் நாத்தனார் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

குண்டூசி ஆவென்று வாயைத் திறந்து காத்திருந்தாள். கத்திரி ஒரு ஸ்பூன் எடுத்து ஊட்டினாள். பச்சை மசியல் ஒரு மறுப்பும் இல்லாமல் இறங்கியது. அடுத்த வாய்க்கும் திறந்தாள். அந்த வீட்டில் இப்போது வாயைத் திறக்க அடம்பிடிக்கிற ஆள் ஒருவன்தான்.

"நீங்க சொன்னது தப்பு" என்றாள் அவனிடம், ஸ்பூனிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல்லேர்ந்து சொல்லுங்க. அண்ணிக்கும் கேக்கற மாதிரி."

மேனேஜர் போனை வைக்கவில்லை.